முழுநேரக் குடியிருப்புக்கு ஃபிஃப்த் வீல்: எது தாங்கும்?

#1 கொங்குக்காளை (பிளேனோ, டெக்சஸ்)

எல்லோருக்கும் வணக்கம். பல மாதமாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இது என் முதல் இடுகை.

பையன் ஆகஸ்டில் கல்லூரிக்குப் போகிறான். எனக்கு 53, மனைவிக்கு 50, இருவருக்கும் வீட்டிலிருந்தே வேலை. வீட்டை விற்றுவிட்டுக் குறைந்தது நான்கு வருடம் ஃபிஃப்த் வீலில் (டிரக்கின் முதுகில் பூட்டி இழுக்கும் வீட்டு டிரெய்லர்) குடியிருப்பது என்று முடிவெடுத்திருக்கிறோம். விடுமுறைக்குப் போய்வரும் கதை அல்ல, அதுதான் வீடு. கோடையில் கொலராடோ, மொன்டானா. குளிரில் அரிசோனா, தெற்கு டெக்சஸ்.

டிரெய்லருக்கு 90,000 டாலர் வரை போகலாம். டிரக் ஏற்கெனவே இருக்கிறது, எஃப்-150 (ஃபோர்டின் அரை டன் டிரக்). போன வாரம் ஒரு டீலரிடம் 41 அடி வண்டி ஒன்று பார்த்தோம். ஐந்து ஸ்லைடு (நிறுத்தியதும் வெளியே தள்ளி அறையை அகலமாக்கும் பகுதி), கணப்பு, சமையலறை நடுவில் மேடை. மனைவிக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. "உங்கள் டிரக் தாராளமாக இழுக்கும்" என்று விற்பனையாளரும் சொல்லிவிட்டார்.

நான்கு வருடம் தினமும் குடியிருந்தாலும் உதிர்ந்து போகாத பிராண்டு எது? ஒரு பெயர் சொன்னால் போதும்.

#2 வைகைக்கரை (இப்போது அரிசோனா)

காளை, கையெழுத்துப் போட்டுவிடவில்லையே? சரி, நல்லது.

நாங்கள் 2017-லிருந்து இப்படித்தான் இருக்கிறோம். இது இரண்டாவது வண்டி. முதல் வண்டி என்ன ஆனது என்று பிறகு சொல்கிறேன்.

பிராண்டு கிடக்கட்டும். முதலில் உங்கள் டிரக்கில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து பாருங்கள். கதவுத் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்கள், சரக்கு எல்லாம் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் போட்டிருக்கும். அந்த எண்ணைச் சொல்லுங்கள்.

#3 கொங்குக்காளை

1,683 பவுண்டு. ஆனால் இழுவைத் திறன் 12,000-க்கு மேல் என்று விளம்பரத்தில் இருக்கிறதே அண்ணா?

#4 வைகைக்கரை

இழுப்பது வேறு, சுமப்பது வேறு. சாதாரண டிராவல் டிரெய்லர் பின்னால் கொக்கியில் தொங்கும். அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம்தான் டிரக்கின் மேல் வரும். ஃபிஃப்த் வீல் டிரக்கின் முதுகிலேயே, பின் ஆக்சிலுக்கு (பின்சக்கர அச்சுக்கு) நேர் மேலே உட்காரும். அதன் எடையில் 20 முதல் 25 சதவீதம் வரை டிரக் சுமக்க வேண்டும். இதைத்தான் பின் வெயிட் (pin, அதாவது டிரெய்லரின் முன் நுனியில் டிரக்கோடு பூட்டும் முளையின் மேல் வரும் எடை) என்கிறோம்.

நீங்கள் பார்த்த 41 அடி வண்டி சரக்கோடு 16,000 பவுண்டாவது வரும். அதில் 22 சதவீதம் 3,520. டிரக்கில் பூட்டும் ஹிட்ச் ஒரு 200. நீங்கள் இருவரும் பெட்டியும் கருவிகளும் சேர்ந்து ஒரு 500. மொத்தம் 4,220. உங்கள் டிரக்கின் வரம்பு 1,683.

இழுக்கும், உண்மைதான். தாங்காது.

#5 சந்தேகப்பிராணி (நியூ ஜெர்சி)

அந்த விற்பனையாளர் பொய் சொல்லவில்லை, பாருங்கள். இழுக்கும் என்றார். தாங்கும் என்று சொல்லவே இல்லையே!

#6 கொங்குக்காளை

தூக்கிவாரிப் போடுகிறது. அப்படியானால் முக்கால் டன் எஃப்-250 போதுமா?

#7 இரும்புக்கை (இந்தியானா)

முக்கால் டன் டீசல் டிரக்குகளில் பல, பேலோடு (சுமக்கும் வரம்பு) ஸ்டிக்கரில் 2,500 பவுண்டைக்கூடத் தொடுவதில்லை. டீசல் எஞ்சினே கனம், அதுவே பேலோடில் ஒரு பங்கைத் தின்றுவிடும். பெரிய ஃபிஃப்த் வீல்தான் வேண்டும் என்றால் ஒரு டன் டிரக், பின்னால் இரட்டைச் சக்கரம் வைத்த டூவலி. வேறு வழியில்லை. 12,000 பவுண்டுக்குள் நிற்கும் சின்ன வண்டி என்றால் ஒற்றைச் சக்கர ஒரு டன் போதும்.

நான் தொழிலால் கட்டமைப்புப் பொறியாளர். டிரெய்லர் தொழிலில் இல்லை, ஆனால் எல்கார்ட்டுக்கு அரை மணி நேரத் தூரத்தில் இருக்கிறேன். அமெரிக்காவின் டிரெய்லர்களில் பெரும்பகுதி இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் தயாராகிறது. தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கப் பல கம்பெனிகள் அனுமதிக்கின்றன. நான் நான்கைந்து பார்த்துவிட்டேன். வாங்கப் போகிறவர்கள் ஒரு தடவையாவது வந்து பார்க்க வேண்டும். தொழிலாளர்களுக்குப் பல இடங்களில் எண்ணிக்கைக் கணக்கில்தான் கூலி. விடியற்காலையில் தொடங்கி, அன்றைக்குரிய வண்டிகளை முடித்தால் மதியமே வீட்டுக்குப் போகலாம். அந்த வேகத்தில் ஒரு ஸ்க்ரூ சட்டத்தில் ஏறாமல் வெறும் பலகையில் ஏறினால் யாருக்குத் தெரியும்?

பிராண்டு கேட்டீர்கள். இத்தனை பெயர்கள் இருந்தாலும் பெரும்பாலானவை மூன்று குழுமங்களுக்குள் அடக்கம். தோர் குழுமத்தில் கீஸ்டோன், ஜேகோ போன்றவை. ஃபாரஸ்ட் ரிவர், 2005 முதல் பெர்க்‌ஷயர் ஹாத்தவே கையில். கிராண்ட் டிசைனை 2016-ல் வின்னபேகோ வாங்கியது. அலையன்ஸ், பிரிங்க்லி என்று தனியாக வந்த புதியவர்களும் உண்டு. ஆனால் அடியில் இருக்கும் ஃப்ரேம், ஆக்சில், ஃபர்னஸ் (வண்டியைச் சூடாக்கும் கருவி), ஃப்ரிட்ஜ், தண்ணீர் பம்பு எல்லாம் விரல்விட்டு எண்ணக்கூடிய சில சப்ளையர்களிடமிருந்தே பலருக்கும் போகின்றன. 50,000 டாலர் வண்டியிலும் 1,20,000 டாலர் வண்டியிலும் ஒரே ஃபர்னஸ் இருப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

விதிவிலக்கு சில உண்டு. ஒரிகானின் லா கிராண்டில் நார்த்வுட் தன் ஆர்க்டிக் ஃபாக்ஸ் வண்டிகளுக்கு ஃப்ரேமைத் தானே வெல்டு செய்கிறது. கான்சஸின் ஜங்ஷன் சிட்டியில் நியூ ஹொரைசன்ஸும் மிசோரியின் கன்கார்டியாவில் ஸ்பேஸ்கிராஃப்டும் கேட்டபடி கட்டித்தருவதில் பேர்பெற்றவை. உங்கள் 90,000-க்கு அங்கே பழையதுதான் கிடைக்கும்.

#8 தாளிப்பு (பயணத்தில்)

நான் டிராவல் நர்ஸ். 13 வார ஒப்பந்தம், முடிந்தால் அடுத்த ஊர். 36 அடி வண்டியில் நானும் கணவரும் ஐந்தாவது வருடம். ஆண்கள் ஆக்சிலைப் பேசி முடியுங்கள், சமையலறை பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே என்றுதான் வந்தேன்.

காளை சகோதரரின் மனைவிக்கு: நடுமேடையைப் பார்த்து மயங்க வேண்டாம். அடுப்புக்கு மேலே இருக்கும் ஹூட்டின் காற்று வெளியே போகிறதா என்று பாருங்கள். வெளிச்சுவரில் மூடி இருக்கும், திறந்து பார்க்கலாம். பல வண்டிகளில் காற்று ஒரு வடிகட்டி வழியாக மறுபடி உள்ளேயே வந்துவிடும். 300 சதுர அடி வீட்டில் கடுகும் மிளகாயும் தாளித்தால் படுக்கையறைத் தலையணை வரை அந்த வாசனைதான். அதைவிடப் பெரிய சங்கதி ஈரம். சோறு வடிக்கிறோம், குக்கர் வைக்கிறோம், இட்லி அவிக்கிறோம். அத்தனை ஆவியும் குளிர்ந்த சுவரில் போய்த் தண்ணீராக இறங்கும். மெத்தைக்கு அடியில் பூஞ்சை பிடித்ததை மூன்று மாதம் கழித்துத்தான் கண்டோம். இப்போது ஈரம் உறிஞ்சும் கருவி தினமும் ஓடுகிறது.

மின்சாரம் 50 ஆம்ப்தான் வேண்டும். 30 ஆம்ப் வண்டியில் மொத்தமே 3,600 வாட். 50 ஆம்ப் வண்டியில் இரண்டு கம்பியில் தனித்தனியாக 50 வருவதால் 12,000 வாட். ஏசி, மைக்ரோவேவ், கிரைண்டர் மூன்றும் ஒரே நேரத்தில் ஓடும் வீடு நம்முடையது. 30 ஆம்ப் என்றால் மாவு அரைக்க ஏசியை நிறுத்த வேண்டும். ஜூலையில் ஃபீனிக்ஸில் அதைச் செய்து பாருங்கள்!

பாத்திரம் கழுவிய தண்ணீர் போகும் டேங்க்கில் எண்ணெயும் கஞ்சியும் சேர்ந்தால் அளவுகாட்டி எப்போதும் "நிறைந்துவிட்டது" என்றே காட்டும். எண்ணெய்ச் சட்டியைத் தாளால் துடைத்துவிட்டுத்தான் கழுவும் தொட்டியில் போடுவேன். கழிப்பறையில் ஹேண்ட் ஸ்ப்ரே மாட்டாமல் நம் வீடு நடக்காது. அதற்கும் சேர்த்துக் கறுப்பு டேங்க் (கழிப்பறைக் கழிவு போவது) சீக்கிரம் நிரம்பும், அவ்வளவுதான்.

#9 வைகைக்கரை

தாளிப்பு சொன்ன ஈரம் மிக முக்கியம். வண்டியைக் கொல்வது தண்ணீர்தான். வெளியிலிருந்து வந்தாலும் சரி, உள்ளிருந்து வந்தாலும் சரி.

எங்கள் முதல் வண்டியைப் புதிதாக வாங்கினோம். பெயர் வேண்டாம். இரண்டரை வருடத்தில் முன்பக்கப் படுக்கையறைச் சுவர் வெளியே புடைத்துக்கொண்டு வந்தது. கூரை ஓரத்தில் அரை அங்குல நீளத்துக்கு சீலன்ட் (இணைப்புகளை மூடும் பசை) பிளந்திருந்தது, நான் பார்க்கவில்லை. பல வண்டிகளின் சுவர் ஃபைபர்கிளாஸ், மெல்லிய ஒட்டுப்பலகை, நுரை எல்லாவற்றையும் ஒட்டிச் செய்த அடுக்கு. ஒட்டுப்பலகை நனைந்தால் பசை விட்டு, வெளித்தோல் அப்பளம் மாதிரி எழும்பும். அதற்குப் பிறகு பழுதுபார்க்கும் செலவு வண்டியின் விலையை விழுங்கும்.

கம்பெனியை அழைத்தேன். வாரண்டி தாளை எடுத்துப் படிக்கச் சொன்னார்கள். "முழுநேரக் குடியிருப்புக்குப் பயன்படுத்தினால் வாரண்டி செல்லாது" என்று 4-வது பக்கத்தில் ஒரு வரி இருந்தது. நாங்கள்தான் வீட்டையே விற்றுவிட்டு வந்தவர்களாயிற்றே.

ஆகவே காளை, எந்த வண்டி பார்த்தாலும் வாரண்டியை முதலிலிருந்து கடைசிவரை படியுங்கள். முழுநேரம் இருந்தாலும் செல்லும் என்று எழுத்தில் தருகிற கம்பெனிகளும் உண்டு. காப்பீட்டிலும் இதே கதை, முழுநேரத்தாருக்கென்று தனி பாலிசி எடுக்க வேண்டும். கடன் கொடுப்பவர்களில் பலர் முழுநேரம் என்றதும் கையை விரித்துவிடுவார்கள்.

#10 சந்தேகப்பிராணி

வண்டியின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்குமே, டிரெய்லர் உற்பத்தியாளர் சங்கத்தின் முத்திரை. அது தரச் சான்று இல்லையா?

#11 இரும்புக்கை

இல்லை. மின் இணைப்பு, கேஸ், குழாய், தீப்பாதுகாப்பு ஆகியவற்றில் என்.எஃப்.பி.ஏ. (அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கம்) 1192 உள்ளிட்ட விதிகளைப் பின்பற்றியிருக்கிறார்கள் என்று சொல்லும் முத்திரை அது. சுவர் எத்தனை வருடம் நிற்கும் என்று அது சொல்லாது. அந்த 1192 விதியே இந்த வண்டிகளைத் தற்காலிகக் குடியிருப்பு என்றுதான் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

சரி, என் பக்கத்துக்கு வருகிறேன். ஃபிஃப்த் வீலின் பலவீனமான இடம் கழுத்து. படுக்கையறை டிரக்குக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கிறது. முன் நுனியில் பூட்டும் முளை, பின்னால் தொலைவில் ஆக்சில். ஒவ்வொரு குழியிலும் அந்தக் கழுத்து மேலும் கீழும் வளையும். அங்கே வெல்டிங் மெலிந்திருந்தால் முதலில் உலோகம் விரிசல் விடாது. உள்ளே அலமாரி மூலையில் வெடிப்பு வரும், வெளியே முன்மூடியின் ஓரம் பிரியும்.

பழைய வண்டி பார்க்கப் போகும்போது ஒருவரை முன்கால்களை (நிறுத்தும்போது டிரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்கும் கால்கள்) ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கவாட்டில் நின்று, கழுத்து உடம்போடு சேரும் மூலையையே கவனியுங்கள். சுவர் ஒரு பக்கமும் ஃப்ரேம் ஒரு பக்கமுமாக அசைந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். விலை எவ்வளவு இறங்கினாலும் சரி.

அடுத்தது ஆக்சில் கணக்கு. பிரோஷரில் வண்டியின் உச்ச எடை 16,000 என்று போட்டிருக்கும். கீழே குனிந்து பார்த்தால் 7,000 பவுண்டு ஆக்சில் இரண்டு, ஆக 14,000. மீதி 2,000-ஐ டிரக் சுமக்கும் என்று கணக்குக் காட்டுவார்கள். சட்டப்படி சரிதான். ஆனால் சரக்கைப் பின்னால் ஏற்றினால் ஆக்சில் வரம்பின் விளிம்பிலேயே வாழ்நாள் முழுக்க ஓடும். 8,000 பவுண்டு ஆக்சில் போட்ட வண்டியைத் தேடுங்கள். ஸ்ப்ரிங் இணைப்புகளில் நைலான் புஷ் (போல்ட்டைச் சுற்றிய உறை) இருந்தால் வெண்கலத்துக்கு மாற்றி, கிரீஸ் அடிக்கும் போல்ட்டாகப் போட்டுக்கொள்ளுங்கள். பெரிய செலவு இல்லை. நைலான் சில ஆயிரம் மைல்களிலேயே தேய்ந்துவிடுகிறது.

டயரும் அப்படித்தான். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், வாரமும் வருடமும். 2219 என்றால் 2019-ன் 22-வது வாரம். தேயாமல் நன்றாக இருந்தாலும் ஆறு வருடம் ஆனால் மாற்ற வேண்டும். எடை கூடிய வண்டிக்கு 80 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் தாங்கும் ஈ வகை வேண்டாம். 110 தாங்கும் ஜி வகைக்குப் போங்கள்.

#12 யாழ்பாலன் (ரொறன்ரோ)

வணக்கம். நான் மே தொடக்கம் ஒக்ரோபர் வரைக்கும் ஒன்ராறியோவில், பிறகு தெற்கே இறங்கிவிடுவேன். ஒரு முறை வண்டி பழுதாகி டிசம்பர் நடுப்பகுதி மட்டும் இங்கேயே மாட்டுப்பட்டுப்போனேன். அந்த அனுபவத்தில் இரண்டு சொல்.

"நான்கு பருவத்துக்கும் உகந்தது" என்று ரெயிலரின் பக்கத்தில் ஒட்டியிருப்பதை நம்ப வேண்டாம். அந்தச் சொல்லுக்குத் தொழிலில் பொது அளவுகோல் ஒன்றும் இல்லை, யாரும் ஒட்டலாம். கீழே குனிந்து பாருங்கள். அடிவயிறு மூடியிருக்கிறதா, ஃபர்னஸின் சூட்டுக்குழாய் அந்த மூடிய பகுதிக்குள் போகிறதா, தண்ணீர்க் குழாய்கள் அதற்குள் இருக்கின்றனவா. ஜன்னல் இரட்டைக் கண்ணாடியா. இவை இருந்தால் சமாளிக்கலாம்.

காஸ் கணக்கு: ஒரு கலன் (கேலன்) புரோப்பேனில் ஏறத்தாழ 91,500 பி.ரி.யூ. வெப்பம். 30 இறாத்தல் (பவுண்டு) சிலிண்டரில் ஏழு கலன். 35,000 பி.ரி.யூ. ஃபர்னஸ் விடாமல் எரிந்தால் 18 மணித்தியாலத்தில் ஒரு சிலிண்டர் காலி. கடுங்குளிரில் அது பாதி நேரமாவது எரியும். ஒன்றரை நாளுக்கு ஒரு சிலிண்டர் தூக்க நாரியில் (இடுப்பில்) பலம் இருக்கிறதா என்று பாருங்கோ அண்ணை. வண்டியைச் சுற்றித் தரைவரை மறைப்புக் கட்டிய பிறகுதான் நான் நித்திரை கொண்டேன்.

ஸ்லைட்டுகள் குறைவாக உள்ள வண்டி நல்லது. ஸ்லைட்டின் தரைக்கு அடியில் வெறும் காற்று. குளிர் அங்கேயிருந்துதான் ஏறும்.

#13 கொங்குக்காளை

தலை சுற்றுகிறது. ஆனால் நன்றி. நடுமேடைக் கனவு கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறது, மனைவியும் இழையைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

ஸ்லைடு பற்றி இன்னொரு கேள்வி. ஓட்டும் முறையில் பல வகை இருக்கின்றனவாமே?

#14 வைகைக்கரை

ஆமாம். சுவர் ஓரத்தில் இரு பக்கமும் சின்ன மோட்டார் வைத்து ஓட்டும் வகை எடை குறைந்தது, சின்ன ஸ்லைடுக்குப் பரவாயில்லை. சோபா, ஃப்ரிட்ஜ், சாப்பாட்டு மேசை எல்லாம் ஏற்றிய ஆழமான ஸ்லைடுக்கு அடியில் பல்சக்கரம் ஓடும் வகையோ ஹைட்ராலிக்கோதான் நல்லது. எதுவானாலும் மின்சாரம் போனால் கையால் உள்ளே தள்ளும் வழி இருக்கிறதா, உங்களுக்கு அதைச் செய்யத் தெரியுமா என்று வாங்கும் முன்பே செய்து பாருங்கள். நான் நள்ளிரவு மழையில், வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு கற்றுக்கொண்டேன்.

ஸ்லைடை உள்ளே இழுத்தால் கழிப்பறைக்கும் ஃப்ரிட்ஜுக்கும் போக முடிகிறதா என்றும் பாருங்கள். நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நின்று தயிர்ச்சாதம் எடுக்க முடியாத வண்டி எதற்கு?

#15 பரணி_எச்1பி (சியாட்டில்)

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நானும் இப்படிப் போகலாமா? பெயரிலேயே என் நிலைமை இருக்கிறது.

#16 சந்தேகப்பிராணி

தம்பி, எச்-1பி வேலை விசாவில் வேலை செய்யும் இடமும் விண்ணப்பத்தில் சேர்த்தி. ஊருக்கு ஊர் வண்டியிலிருந்து வேலை பார்த்தால் அது சிக்கல். கம்பெனி வக்கீலிடம் கேட்காமல் சக்கரத்தை உருட்டாதீர்கள். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் முகவரி மாறினால் 10 நாளுக்குள் ஏஆர்-11 படிவத்தில் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

முகவரி என்றதும் ஞாபகம் வருகிறது. காளை டெக்சஸ்காரர், அவருக்கு இது சுலபம். லிவிங்ஸ்டனில் எஸ்கேப்பீஸ் என்று 1978-லிருந்து இயங்கும் சங்கம் இருக்கிறது. தபாலை வாங்கி அனுப்பிவைப்பார்கள், அந்த முகவரியை வைத்தே ஆயிரக்கணக்கானோர் வாழ்கிறார்கள்.

டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்து உச்ச எடை 26,000 பவுண்டைத் தாண்டினால் டெக்சஸில் வணிகம் சாராத கிளாஸ் ஏ உரிமம் வேண்டும். டூவலியோடு பெரிய வண்டி என்றால் கட்டாயம் தாண்டும். இதை எந்த டீலரும் சொல்லமாட்டார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு என் நிரந்தரப் புலம்பல்: வீட்டை விற்காதீர்கள், வாடகைக்கு விடுங்கள். டிரெய்லர் வாங்கிய நாளிலிருந்து விலை இறங்கும் பொருள். மனை அப்படி அல்ல.

#17 தாளிப்பு

இதற்குத் தனி இழையே 40 பக்கம் ஓடுகிறது அண்ணா. இங்கே வேண்டாமே.

#18 கொங்குக்காளை

சரி, கடைசிக் கேள்வி. புதியதா, பழையதா?

#19 இரும்புக்கை

பழையது. ஐந்திலிருந்து எட்டு வயது. 2021, 2022-ல் செய்தவற்றை இரட்டிப்புக் கவனத்தோடு பாருங்கள். கொரோனாவுக்குப் பிறகு எல்லோரும் டிரெய்லர் கேட்டார்கள். 2021-ல் மட்டும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் தொழிற்சாலையை விட்டு வெளியே போயின, அதுதான் இதுவரை உச்சம். ஆள் பற்றாக்குறை, பொருள் பற்றாக்குறை, மேலே சொன்ன வேகம். எல்லாம் மோசம் என்று சொல்லவில்லை, நிதானித்து வாங்குங்கள் என்கிறேன்.

பத்து வயது தாண்டிய வண்டியைச் சேர்த்துக்கொள்ளாத பார்க்குகள் நிறைய இருக்கின்றன. நான்கு வருடக் கணக்கையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

#20 வைகைக்கரை

புதிய வண்டியின் பிழைகளை முதல் சொந்தக்காரர் தன் காசில் சரிசெய்திருப்பார் என்பதும் ஒரு லாபம். ஆனால் டிரெய்லருக்கென்றே சான்று பெற்ற ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரை உங்கள் செலவில் அமர்த்துங்கள். விற்பவர் காட்டும் ஆள் வேண்டாம். கூரையில் ஏறி ஒவ்வொரு இணைப்பையும் பார்க்கட்டும், ஈரம் அளக்கும் கருவியை ஒவ்வொரு மூலையிலும் வைக்கட்டும். நீங்கள் மாலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பக்கவாட்டுச் சுவரை நீளவாக்கில் பாருங்கள். புடைப்பு இருந்தால் அந்த வெயிலில் தப்பாது. ஒட்டுப்பலகைக்குப் பதில் ஆஸ்டெல் என்ற கலவைப் பலகை போட்ட சுவர் என்றால் கொஞ்சம் நிம்மதி. அது தண்ணீரில் உளுத்துப்போகாது.

விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கூரை சீலன்ட்டைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?" தேதி சொன்னால் மேலே பேசலாம். "அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

#21 கொங்குக்காளை (ஒன்பது மாதம் கழித்து)

எல்லோருக்கும் வணக்கம். இழையைத் தூசி தட்டுகிறேன்.

வாங்கிவிட்டோம். பிராண்டைச் சொன்னால் இங்கே சண்டை வரும், சொல்லவில்லை. ஆறு வயது, 36 அடி, மூன்று ஸ்லைடு. ஓய்வுபெற்ற தம்பதியிடமிருந்து, ஆர்க்கன்சாவில். 58,000 டாலர். எஃப்-150-ஐ விற்று, மிச்சக் காசோடு சேர்த்து நான்கு வயது டூவலி ஒன்று வாங்கினேன். ஸ்டிக்கரில் 5,400.

இதற்கு முன் நான்கு வண்டிகளை விட்டோம். ஒன்றில் முன்கால் சோதனையில் கழுத்து நன்றாகவே அசைந்தது. இரும்புக்கை சொல்லியிருக்காவிட்டால் அதை வாங்கியிருப்பேன், பார்வைக்கு அத்தனை பளபளப்பு. இன்னொன்றில் சீலன்ட் கேள்வியைக் கேட்டேன். அப்படியே வைகை அண்ணா சொன்ன பதில் வந்தது. மனைவி சிரித்தே விட்டார், எனக்குச் சங்கடமாகிவிட்டது.

வாங்கிய வண்டியின் பழைய சொந்தக்காரர் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார். வருடத்துக்கு இரண்டு முறை கூரை பார்த்த தேதி, பேரிங் கிரீஸ், டயர், எல்லாம் பென்சிலில் எழுதியிருந்தது. வண்டியைவிட அந்த நோட்டுக்குத்தான் காசு கொடுத்தேன் என்று தோன்றுகிறது. ஆனாலும் ஆய்வாளர் ஒரு ஸ்லைடின் மூலையில் ஈரம் கண்டுபிடித்தார். ஓரத்து ரப்பர் பட்டை கிழிந்திருந்தது. விலையில் 2,000 குறைத்து நாங்களே மாற்றினோம்.

எல்லாம் ஏற்றிய பிறகு லாரி நிறுத்தத்தில் இருக்கும் கேட் ஸ்கேலில் எடை போட்டோம். ஒரு முறை டிரெய்லரோடு, ஒரு முறை டிரக் மட்டும். டிரெய்லர் மொத்தம் 15,100. அதில் பின் வெயிட் 3,300, ஆக்சில்களில் 11,800. ஆக்சில் இரண்டும் 8,000, ஆகவே கையிருப்பு நிறைய. நாங்கள் ஏற்றிய சாமான் மட்டும் 2,600 பவுண்டு! மனைவியின் புத்தகப் பெட்டி நான்கு, என் கருவிப்பெட்டி, கிரைண்டர், அரிசி. 75 கேலன் தண்ணீர் நிரப்பினால் அதுவே இன்னொரு 625. அதனால் பயணத்தின்போது கால் டேங்க்தான்.

கிளாஸ் ஏ எழுத்துத் தேர்வில் முதல் முறை தோற்றேன். பையன் இன்னும் கிண்டல் செய்கிறான்.

ஹூட் வெளியே ஊதுகிறது, நடுமேடை இல்லை. கிரைண்டர் ஓடும்போது ஏசியும் ஓடுகிறது.

#22 தாளிப்பு

கிரைண்டரை ஓட்டத்தின்போது எங்கே வைக்கிறீர்கள்? நாங்கள் ஒரு முறை மேடையிலேயே விட்டுவிட்டோம். கல் கதவை உடைத்துக்கொண்டு படிக்கட்டில் கிடந்தது.

#23 கொங்குக்காளை

ஐயோ. குளியலறைத் தரையில், போர்வை சுற்றி. ஆக்சிலுக்கு முன்னால் வருகிற இடம் என்று கணக்குப் பார்த்துத்தான் வைத்தேன்.

#24 இரும்புக்கை

நல்ல இடம். டயர் புதிதாகப் போட்டீர்களா? போட்டிருந்தால் 10, 25, 50 மைலில் வீல் நட்டை டார்க் ரென்ச் (எவ்வளவு இறுக்கம் என்று காட்டும் ஸ்பேனர்) வைத்து மறுபடி பார்க்க வேண்டும். மறந்துவிடாதீர்கள்.

#25 கொங்குக்காளை

ஜி வகை நான்கும் புதிது. 10-லும் 25-லும் பார்த்தேன், 50-ஐ விட்டுவிட்டேன். இதைப் படித்ததும் இறங்கிப் போய்ப் பார்த்தேன். இடதுபுறம் பின் சக்கரத்தில் மூன்று நட்டு அரைச் சுற்று போனது.